வேண்டுதலுக்கு வளர்த்த முடி

கோவையில் அந்தப் பெரிய ஆஸ்பத்திரியின் மாடியில் ‘மருந்துத் தகவல் மையம்’ என்று கம்பீரமாக ஒரு பலகை தொங்கும். கதவைத் திறந்தால் ஒரு மேஜை, ஒரு ஃபோன், கிளமென்ட், அவ்வளவுதான். எந்த மருந்தோடு எது சேராது, கர்ப்பிணிக்கு எது ஆகாது என்று டாக்டர்களும் நர்சுகளும் நாள் முழுக்கக் கேட்பார்கள். அவரும் சலிக்காமல், சரிபார்த்த பிறகே பதில் சொல்வார். நோயாளிகளுக்குக் கொடுக்கும் மருந்து விளக்கத் தாள்கள் புரிகிற தமிழில் இருக்கின்றனவா என்று பார்த்துத் திருத்துவதும் அவர்தான். அப்படிப்பட்ட மனுஷன் வீட்டில் கோட்டை விட்டார்.

மனைவி விமலாராணிக்குச் சினைப்பையில் புற்றுநோய் வந்தது. ஆபரேஷன், கீமோ எல்லாம் தாண்டிப் பிழைத்து எழுந்தாள். நல்லபடியாக எழுந்தால் வேளாங்கண்ணியில் மொட்டை போடுவதாக மாதாவிடம் வேண்டியிருந்தாள். கீமோவில்தான் தலை வழுக்கையாகிவிட்டதே, அப்படியே போய்க் கும்பிட்டு வந்துவிடலாம் என்று கிளமென்ட் சொன்னதும் அவளுக்கு வந்ததே கோபம்.

“மருந்து புடுங்குன முடிய மாதாவுக்குக் கணக்குக் காட்டறதுங்களா? நல்லா வளத்தித்தான் குடுப்பேன்.”

முடியோ வருவேனா என்று அடம் பிடித்தது. கண்ணாடியைப் பார்த்துப் பார்த்து அவள் வாடுவதைச் சகிக்காமல், கிளமென்ட்தான் பயோட்டின் வாங்கி வந்தார். முடி வளர விற்கிற வைட்டமின்; வீரியம் கூடியதாகப் பார்த்தே வாங்கினார்.

“காப்பி குடிச்சதும் ஒண்ணு போட்டுக்க அம்மணி. ஒரு கெடுதலும் இல்ல.”

உடம்புக்குக் கெடுதல் இல்லை என்பது நிஜம்தான்.

நோய் திரும்புகிறதா என்று அறிய அவ்வப்போது ரத்தத்தில் சி.ஏ. 125 என்ற புரதத்தை அளப்பார்கள். நோய் தலைதூக்கினால் அந்த அளவு ஏறும். ரத்தம் எடுக்கும் நர்ஸ் ஒவ்வொரு முறையும், “வேற மாத்திரை ஏதாச்சும் சாப்பிடறீங்களா?” என்று கேட்பாள். “ஒண்ணுமில்லீங்க” என்பாள் விமலாராணி. அவள் பொய் சொல்லவில்லை. முடிக்குப் போடுவதை நம் ஊரில் யார் மாத்திரைக் கணக்கில் சேர்க்கிறார்கள்? பக்கத்தில் நின்ற கிளமென்டுக்கும் அது உறைக்கவில்லை.

ரிப்போர்ட் எப்போதும் நார்மல்தான். அவள் கோயிலுக்குப் போய் மெழுகுவர்த்தி ஏற்றிவிட்டு வருவாள். முடியும் கழுத்தைத் தொட்டது.

பிறகு வயிறு உப்பத் தொடங்கியது. “ரிப்போர்ட்தான் நல்லாருக்குதே, வாயுவா இருக்கும்” என்றார் கிளமென்ட். அவர் சொன்னால் வேதவாக்கு அவளுக்கு. கிறிஸ்துமஸுக்கு முறுக்குச் சுட்டாள், தான் ஒன்றுகூடத் தின்னவில்லை. ஒரு வாய்ச் சோறும் இறங்காமல் போன பிறகுதான் ஸ்கேன் எடுத்தார்கள். வயிறு முழுக்கப் பரவியிருந்தது. இனி வலியைக் குறைக்கத்தான் முடியும் என்றார் டாக்டர்.

அந்த வாரமே கிளமென்டின் மேஜை ஃபோன் அடித்தது. ஆய்வுக்கூடத்தில் இந்தப் புற்றுநோய்ப் புரதங்களை ஆராய்கிற மிஸ்பா பேசினாள்.

“அண்ணா, ஒரு டவுட்டுங்க. வீரியமான பயோட்டின் சாப்பிட்டா சி.ஏ. 125 கம்மியாக் காட்டுமுங்களா?”

“நம்ம மிஷின் மாதிரி மிஷின்ல காட்டும்மா. டெஸ்டுக்கு ரெண்டு மூணு நாள் முந்தியே நிறுத்தியிருக்கோணும். எந்த பேஷண்டு?”

மிஸ்பா குரலைத் தணித்துக்கொண்டாள்.

“நம்ம விமலாராணி அக்கா ரத்தந்தானுங்ண்ணா. ஸ்கேனும் ரிப்போர்ட்டும் ஒத்துவரலைன்னு டாக்டர் மறுபடி பாக்கச் சொன்னாருங்க. ரத்தத்துல இருக்கற பயோட்டினை நீக்கிப்போட்டுப் பாத்தா எக்கச்சக்கமா ஏறுதுங்க. முடிக்கு ஏதாச்சும் சாப்பிட்டாங்களா?”

தெரியாத சங்கதியாக இருந்திருந்தால் மனதைத் தேற்றிக்கொண்டிருப்பார். தைராய்டு பரிசோதனை விஷயமாக இதையே எத்தனையோ பேருக்குச் சொல்லியிருக்கிறார். கேட்டவர்களுக்கெல்லாம் சொன்னார். வீட்டில் யாரும் கேட்கவில்லை.

மறைக்க அவரால் முடியவில்லை. சாயங்காலம் வார்டில் அவள் கட்டிலருகே உட்கார்ந்து எல்லாவற்றையும் சொல்லிவிட்டுக் குழந்தை மாதிரி அழுதார். விமலாராணி சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தாள். மாதா கொடுத்த நல்ல சேதி என்று நம்பியதெல்லாம் பொய்த்துப்போனதே என்று அவளுக்கும் நெஞ்சு வெடித்திருக்கும். ஆனால் அவள் பேசியது மகளைப் பற்றித்தான்.

“ஏனுங்க, இத ஜோவிதாகிட்ட மட்டும் சொல்லிப்போடாதீங்க. நானும் போயி, அப்பனையும் வெறுத்துட்டா புள்ள எங்க போவா? சத்தியம் பண்ணுங்க.”

அவள் கையைப் பிடித்துக்கொண்டு சத்தியம் செய்தார்.

ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலம் தொடங்கும் முன்பே அவள் போய்ச் சேர்ந்துவிட்டாள். அடக்கம் முடிந்து, வந்தவர்களெல்லாம் கிளம்பிய பிறகு, கல்லூரியில் படிக்கும் மகள் ஜோவிதா அப்பாவின் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

“ஏப்பா, எல்லா ரிப்போர்ட்டும் நார்மல்னுதானே வந்துச்சு. அப்பறம் எப்படிப்பா?”

கிளமென்ட் மகளின் முகத்தைப் பார்க்கவில்லை.

“தெரியல கண்ணு” என்றார்.