மூண்டு நிமிசத்துக்குள்ளை ஒரு முதலாளி

ரெலிபோன் பில்லுக்குப் பதில் சொல்லுற வேலை பாத்த ஆக்களுக்குத்தான் தெரியும், தபால்காரன் படலையைத் திறக்கிற சத்தம் எவ்வளவு பொல்லாதது எண்டு.

நான் அறுபதுகளிலை கிளிநொச்சியிலை ஒரு அரிசி மில்லிலை கிளாக்கர். மில்லுக்குப் புதிசாப் போன் வந்தது, அதைப் பாக்கிறதுக்கு நானும் வந்தன். யாழ்ப்பாணத்துக்கு ட்றங் கோல் எடுத்தால் மூண்டு நிமிசத்துக்கு ஒருக்காக் காசு ஏறும். முதல் பில்லைப் பாத்த முதலாளி கண்ணாடியைக் கழட்டிப்போட்டுச் சொன்னார்: "அடுத்த பில்லும் உப்பிடி வந்தால் போனையும் கழட்டுவன், உன்னையும் கழட்டுவன்." வீட்டிலை எனக்குச் சின்னனும் பெரிசுமாய்ப் பெட்டைப் பிள்ளையள். எப்பிடிச் சிரிக்கிறது?

மாடு கண்டு போட்ட கதை

எங்கடை அரிசியிலை பாதிக்கு மேலை வாங்கிறவர் யாழ்ப்பாணத்திலை மொத்தக்கடை வைச்சிருந்த கந்தையர். அவர் விலையை முதலாளியோடை மட்டும்தான் கதைப்பார். முதலாளி போனைத் தூக்கினால் முதல் ஒரு இருமல். பிறகு கந்தையரின்ரை மனிசியிலையிருந்து தொடங்குவார்: "எப்பிடி, அக்கா சுகமோ? மூத்தவளின்ரை சம்பந்தம் சரிவந்ததோ? மாடு கண்டு போட்டுதோ? என்ன, நாம்பனோ பசுவோ? அங்காலை மழையோ?"

எக்ஸ்சேஞ்சிலை இருக்கிற பிள்ளை நடுவிலை புகுந்து "மூண்டு நிமிசம்" எண்டும். "இன்னொரு மூண்டு தா பிள்ளை." அதிலையும் மழைதான் பெய்யும். எல்லாம் முடிஞ்சு போனை வைச்ச முதலாளி நெத்தியிலை அடிச்சார்: "அட, அரிசி விலையைக் கதைக்கேல்லை! திருப்பி எடு தம்பி!"

உமிக் கும்பிக்குப் பின்னாலை

ஆக்களைப்போலக் கதைச்சுக் காட்டுற வியாதி எனக்குச் சின்னனிலையிருந்து இருக்கு. ஒருநாள் உமிக் கும்பிக்குப் பின்னாலை நிண்டு, மூட்டை தூக்கிற ஆக்களுக்கு முதலாளியைச் செய்து காட்டினன். இருமல், கண்ணாடி, மாடு, மழை. விழுந்து விழுந்து சிரிச்சாங்கள். சட்டெண்டு சிரிப்பு நிண்டுது. நான் திரும்பேல்லை. திரும்பத் தேவையில்லை, பின்னாலை உண்மையான இருமல் கேட்டுது.

போச்சு வேலை எண்டு நினைச்சன். முதலாளி கிட்ட வந்து சொன்னார்: "என்ரை வாய் சுகம் கேக்காமல் விடாது. இனிக் கந்தையரோடை என்னைப்போல நீ கதை. விலை, மூட்டை, லொறி. வேறை ஒரு சொல்லும் வேண்டாம்." ரெண்டடி போய்த் திரும்பி நிண்டார்: "இருமல் இன்னும் கொஞ்சம் அடியிலையிருந்து வரவேணும்."

திரும்பி வந்த லொறி

முதலாளியா நான் கதைச்சு மூண்டு நிமிசத்துக்கு முன்னமே முடிச்சன். கொஞ்ச நாள் போக, அனுப்பின லொறி அரிசியோடையே மில் வாசலிலை வந்து நிண்டுது. லொறி ஓட்டுற றைவர் சூசை, முல்லைத்தீவுக் கடற்கரை ஆள், இறங்கிக் கந்தையர் சொன்னதை அப்பிடியே ஒப்புவிச்சான்: "மனிசி காச்சலோடை கிடக்கிறா, உன்ரை முதலாளி ஒரு சொல்லுக் கேக்கேல்லை. என்னோடை கோவமா இருக்கிறவன்ரை அரிசி எனக்கு வேண்டாம், கொண்டு போ மோனே!"

சூசை ஏத்தின சரக்கு

முதலாளி என்னைப் பாத்தார். நான் லொறியைப் பாத்தன். அது எப்பிடியும் கிழமைக்குக் கிழமை போற லொறி. "சுகம் கேக்கிறதைச் சூசையிட்டைக் குடுத்துவிடுவம் முதலாளி" எண்டன். பின்னேரம் சூசையை இருத்தி, அக்காவின்ரை காச்சல், சம்பந்தம், மாடு, மழை எல்லாம் பாடமாக்கினன். முதலாளி ஒரு குலை வாழைப்பழமும் ஏத்திவிட்டார்.

லொறி வெறுமையாத் திரும்பி வந்துது. போனிலை கேட்ட மனிசன் இப்ப ஆளனுப்பிக் கேக்கிறார் எண்டு கந்தையருக்குக் கண் கலங்கிப் போச்சாம். அப்பதான் எனக்கு மூச்சு வந்தது. சூசைதான் களைச்சுப் போனான்: "மூட்டையள் கெதியா இறங்கிட்டுது அண்ணை. அவையின்ரை மறுமொழியை ஏத்தத்தான் மத்தியானமாச்சு!"

அடுத்த பில்

முதலாளி கண்ணாடியைக் கழட்டித் துடைச்சு, திருப்பிப் போட்டுப் பில்லைப் பாத்தார். காசு நல்லாக் குறைஞ்சிருந்தது. "போன் கிடக்கட்டும்" எண்டார். "அப்ப நான்?" எண்டு கேட்டன். "உன்னையும் ஆரும் கழட்டேல்லை, போய் வேலையைப் பார்!"

செலவைக் குறைக்கிறதெண்டால் சனத்தின்ரை கதையை வெட்டுறதில்லை, எப்பிடியும் போற வண்டியிலை அதைச் சும்மா ஏத்திவிடுறதுதான்.