பிரேக்கை மிதித்துப் பிடிக்க ஓர் ஆள்

ஈரமான பிரேக் உரசிச் சூடேறும்போது ஒரு நாற்றம் வரும். கருகிய துணியும் பழைய எண்ணெயும் சேர்ந்த மாதிரி... ஐப்பசி, கார்த்திகை முழுக்க எங்கள் அம்பாசிடருக்குள் அந்த நாற்றம்தான்.

அப்பா பூதலூர் ஸ்டேஷன் வாசலில் அதை வாடகைக்கு ஓட்டிக்கொண்டிருந்தார். பழைய வண்டி, நான்கு சக்கரத்திலும் டிரம் பிரேக். அடைமழையில் வாய்க்கால் வழிந்து ரோட்டின் மேல் தண்ணீர் ஓடும். டிரம்முக்குள் தண்ணீர் புகுந்தால் மிதித்தாலும் பிடிக்காது. அதனால் தண்ணீரைத் தாண்டியதும் பிரேக்கை லேசாக அழுத்தியபடியே கொஞ்ச தூரம் ஓட்டுவார். காய்ந்ததும் பிடிக்கும். எங்கள் பக்கத்து டிரைவர்கள் எல்லோருக்கும் அந்தக் கால் பழக்கம் உண்டு.

நான் காலேஜ் இரண்டாம் வருஷம் படித்த அந்த மழைக்காலத்தில், காய்ந்த பிறகும் பிடிக்கவில்லை.

அம்மாவுக்கு டயாலிசிஸ் ஆரம்பித்திருந்த நேரம். வாரம் இரண்டு தடவை தஞ்சாவூர் போக வேண்டும். கண்ணாடி ஏற்றிய டாக்ஸியில் ஏறினாலே அம்மாவுக்கு வாந்தி. பஸ்ஸில் உட்கார முடியாது. அம்பாசிடரின் பின் சீட்டில், என் மடியில் தலை வைத்து, காலை மடக்கிப் படுத்தால்தான் போய்வர முடியும்.

ஒருநாள் ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பும்போது ஆடு ஒன்று குறுக்கே வந்தது. அப்பா மிதித்தார். வண்டி இடது பக்கமாக இழுத்துக்கொண்டு போய், வயலில் இறங்கப்போகிற இடத்தில் நின்றது.

"ஏங்க, என்னை வீட்டுல விடப் போறீங்களா, இல்ல இங்கயே நடவுக்கு எறக்கி விடப் போறீங்களா?" என்றாள் அம்மா, படுத்தபடியே.

"பேசாம படு. வாய் மட்டும் குறையல."

சொல்லிவிட்டு அப்பா வண்டியைப் பின்னால் எடுத்து ரோட்டில் ஏற்றினார்.

அடுத்த டயாலிசிஸுக்குள் சரிசெய்தாக வேண்டும். அப்பாவே வண்டியை முட்டுக் கொடுத்துத் தூக்கி, சக்கரங்களைக் கழற்றினார். டிரம் லேசில் வரவில்லை. சுற்றிச் சுற்றித் தட்டி இழுத்தால், உள்ளே வாய்க்கால் சேறும் ஒழுகிய பிரேக் ஆயிலும் குழைந்து கிடந்தன. டிரம்மில் உரசித் தேயும் லைனிங் புதிது, சிலிண்டருக்குப் புது ரப்பர் என எல்லாம் மாற்றினார். கடைசி வேலை, பிரேக் ஆயில் குழாய்க்குள் புகுந்த காற்றை வெளியே எடுப்பது; காற்று இருந்தால் மிதித்தாலும் பிடிக்காது.

அதற்கு இரண்டு பேர் வேண்டும். ஒருவர் டிரைவர் சீட்டில் உட்கார்ந்து பிரேக்கை மிதித்துப் பிடிக்க வேண்டும். இன்னொருவர் சக்கரத்துக்குப் பக்கத்தில் படுத்து நிப்பிள் என்கிற சின்னத் திருகைத் திறந்து, காற்றையும் ஆயிலையும் ஒரு பாட்டிலுக்குள் விட்டு, மறுபடி மூட வேண்டும். மூடுவதற்கு முன் காலை எடுத்துவிட்டால், வெளிக்காற்று உள்ளே போய்விடும்.

கல்யாணமான புதிதிலிருந்து மிதிக்கிற வேலை அம்மாவுடையது.

"நான் மிதிக்கிறேம்மா..."

"நீ நடுவுல விட்டுடுவ. உங்கப்பா கத்துவாரு. எனக்குப் பழகிப்போச்சு, உனக்குத் தாங்காதுடி."

கதவைப் பிடித்துக்கொண்டு மெதுவாக ஏறி உட்கார்ந்தாள். கீழேயிருந்து அப்பாவின் குரல் வந்தது.

"மிதி... புடிச்சுக்க... விடு."

பாட்டிலில் குமிழி.

"மிதி... புடிச்சுக்க..."

மறுபடியும் குமிழி. மறுபடியும்...

"கால எடுத்துட்டியா?"

"எடுக்கலையே."

நான் கதவுப் பக்கம் நின்றிருந்தேன். அம்மா இரண்டு கையாலும் தன் முழங்காலை அழுத்திக்கொண்டிருந்தாள். அப்படியும் கால் நடுங்கி நடுங்கி மேலே வந்தது. அப்பா இருந்த இடத்திலிருந்து அதைப் பார்க்க முடியாது. குமிழிகளை மட்டும்தான் பார்க்க முடியும்.

கீழே நிப்பிளை இறுக்கும் சத்தம் கேட்டது. பிறகு, "ரப்பர்தான் சரியா ஒக்காரல போல" என்றார். இன்னும் ஒரு தடவை மிதிக்கச் சொன்னார். அப்புறம், "போதும். சரியாயிடுச்சு, எறங்கு."

"அவ்ளோதானா?"

"அவ்ளோதான்."

மறுநாள் விடிந்தும் விடியாமல் அப்பா என்னைத் தோளில் தொட்டு எழுப்பினார். அம்மா தூங்கிக்கொண்டிருந்தாள். நான் போய் டிரைவர் சீட்டில் உட்கார்ந்தேன். அப்பா பாட்டிலை எடுத்துக்கொண்டார். கீழே படுத்துக்கொண்டு, தாழ்ந்த குரலில்...

"மிதிம்மா... புடிச்சுக்கம்மா... விடும்மா."

ஒவ்வொரு சக்கரமாக. கடைசியில் என் காலடியில் பெடல் கல் மாதிரி ஆகிவிட்டது.

அன்று ஆஸ்பத்திரி வாசலில் ஒரு ஷேர் ஆட்டோ குறுக்கே புகுந்தது. அப்பா மிதித்தார். இம்மியும் விலகாமல் நேராக நின்றது வண்டி.

"நல்லா புடிக்குதுல்ல?" என்றார், கண்ணாடியில் எங்களைப் பார்த்து.

"மிதிச்சது யாரு?" என்றாள் அம்மா.

"ஆமா ஆமா... நீதான்."

வீல்சேர் கொண்டுவர அவர் இறங்கிப் போனார். அம்மா என் மடியிலிருந்து கண்ணைத் திறக்காமலே பேசினாள்.

"காலைல முழிச்சுதான்டி இருந்தேன். மிதிம்மா, விடும்மாவா? என்னை ஒரு நாளாவது அப்படிக் கொஞ்சியிருக்காரா அந்த மனுஷன்?" சிரித்தாள். பிறகு, "அவர்கிட்ட சொல்லிடாத. இனிமே நீயே மிதி."

அந்த லைனிங் தேயும் முன்பே அம்மா போய்விட்டாள்.

வண்டியை வாங்க வந்தவர் தெருமுனை வரை ஓட்டிப் பார்த்துவிட்டு, "பிரேக் புதுசு மாதிரி இருக்கே!" என்றார். அப்பா சாவியை அவர் கையில் கொடுத்துவிட்டு உள்ளே போய்விட்டார்.

இப்போது என்னிடம் ஒரு சின்ன கார். போன வாரம் பிரேக் ஆயில் மாற்ற சர்வீஸ் சென்டருக்கு விட்டேன். அப்பாவும் வந்திருந்தார். ஏசி அறை, சோபா, டிவி, மெஷின் காபி... கண்ணாடிச் சுவருக்கு அந்தப் பக்கம் வண்டியைத் தூக்கி வைத்திருந்தார்கள்.

கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்த அப்பா எழுந்துபோய், கவுண்டரில் இருந்த பையனிடம் கேட்டார்.

"தம்பி, உள்ள ஒக்காந்து மிதிக்க ஆள் வேணாமா?"

"அதெல்லாம் மெஷினே உறிஞ்சிடும் சார். நீங்க ஒக்காருங்க."

அப்பா உட்காரவில்லை. காலியாக இருந்த டிரைவர் சீட்டைப் பார்த்தபடி, வேலை முடிகிறவரைக்கும் கண்ணாடி ஓரமாகவே நின்றார்.