வர்க்கலா பாறை காய்ந்த மதியம்

அக்காவுக்குக் கண்புரை அறுவை நடந்த நாற்பத்து மூன்றாம் நாள், சனிக்கிழமை, பகல் பதினொன்று பத்துக்கு வர்க்கலா கடற்கரையில் இறங்கினோம். குறிப்பேட்டில் அப்படித்தான் எழுதியிருக்கிறேன்.

அக்கா ஆம்பூரில் ஒரு தோல் தொழிற்சாலையில் கலர் பார்ப்பவள். வாங்குபவர் அனுப்பிய மாதிரித் துண்டோடு ஒவ்வொரு தோலும் ஒத்துப்போகிறது என்று அவள் சொன்னால்தான் சரக்கு வெளியே போகும். இருபத்தாறு வருடமாக அதே மேசை. அறுவைக்குப் பிறகு வெள்ளையெல்லாம் நீலம் போட்டாற்போல் தெரியவும், தன் கண்ணையே சந்தேகிக்கத் தொடங்கினாள். பழைய மேசையா, பேக்கிங் பிரிவா என்று திங்கட்கிழமை அவள் சூப்பர்வைசருக்குப் பதில் சொல்ல வேண்டும்.

சத்துவாச்சாரியில் என் வீட்டில் தங்கியிருந்தவளை வற்புறுத்திக் காட்பாடியில் ரயில் ஏற்றினேன். சிவப்பு, மஞ்சள், வெள்ளை, சாம்பல் என்று அடுக்கடுக்காக நிற்கும் வர்க்கலா பாறையைப் பற்றி நிறையப் படித்திருந்தேன். கண்ணைச் சோதிக்க அதைவிடப் பெரிய கலர் அட்டை எங்கே கிடைக்கும்? வளையத்தில் கோத்த அவளுடைய தோல் துண்டுக் கொத்தையும் அவளுக்குத் தெரியாமல் பையில் போட்டுக்கொண்டேன். ஒவ்வொரு துண்டின் பின்புறமும் அதன் கலருக்கான எண் இருக்கும்.

போய்ச் சேர்ந்தபோது மழை அப்போதுதான் விட்டிருந்தது. மேலிருந்து கீழ்வரை பாறை ஒரே கருஞ்சிவப்பு.

"எல்லாம் ஒரே கலரா தெரியுதுடா. அவ்ளோதான். பேக்கிங்குக்கே போய்டறேன்."

"எனக்கும் அப்டிதான்கா தெரியுது."

"உன்ன யாரு கேட்டா? கல்யாணத்தன்னிக்கே காலுக்கு ஒரு கலர்ல சாக்ஸ் போட்டவன் நீ."

பாறைக்கு முதுகு காட்டி மணலில் உட்கார்ந்துவிட்டாள். அப்போதுதான் அவள் வீட்டில் அடிக்கடி பேசும் ஒரு பேச்சு எனக்கு நினைவு வந்தது.

"ஈரத் தோல்ல கலர் பாக்குறவன் இந்த வேலைக்கே லாயக்கில்லன்னு யாருக்கா சொல்லுவாங்க?"

திரும்பி என்னைப் பார்த்தாள். பிறகு பாறையைப் பார்த்தாள். சிரித்துவிட்டாள்.

"ஐயோ, ஆமாண்டா. காயட்டும்."

மேற்குப் பார்த்த பாறை அது. ஒரு மணிக்கு மேல்தான் வெயில் அதன் முகத்தில் விழுந்தது. இரண்டு இருபத்தைந்துக்குள் பாறை காய்ந்து, அடுக்குகள் ஒவ்வொன்றாக வெளியே வந்தன. கொத்தை நீட்டினேன்.

"இத எதுக்குடா தூக்கினு வந்த?" என்றாள். ஆனால் கை அதற்குள் வளையத்தைப் பிரித்திருந்தது.

ஒன்பது அடுக்குக்கு ஒன்பது துண்டு எடுத்துக் கொடுத்தாள். பின்புற எண்களைக் குறித்துக்கொண்டு, எல்லாத் துண்டுகளையும் கலைத்து, இந்த முறை பாறையின் கீழ் அடுக்கிலிருந்து தொடங்கி எடுக்கச் சொன்னேன்.

"இன்னாடா பேஜார் பண்ற?"

திட்டிக்கொண்டே எடுத்தாள். அதே ஒன்பது எண்கள், ஒன்றுகூடத் தப்பவில்லை!

"அந்த மஞ்சளுக்குக் கீழ லேசா ரோஸ் ஓடுது பாரு. அதுக்கு நம்மகிட்ட துண்டே இல்ல."

எனக்கு ஒன்றும் தெரியவில்லை. போன் கேமராவில் பெரிதாக்கிப் பார்த்த பிறகுதான், விரல் அகலத்துக்கு ஒரு ரோஸ் கோடு தெரிந்தது.

அவள் திங்கட்கிழமைவரை காத்திருக்கவில்லை. அங்கேயே நின்று சூப்பர்வைசருக்குப் போன் போட்டாள்.

"சார், திங்கக்கிழம வர்றேன். என் மேசை மேல அட்டப்பெட்டி, டேப்பு ஒண்ணும் இருக்கக்கூடாது, சொல்ட்டேன்."

மணி மூன்று ஐந்து. துண்டுகளை மறுபடி கோக்கும் வேலை என்னுடையது. இரண்டு பழுப்புகளை இடம் மாற்றிக் கோத்துவிட்டேன் என்று காட்பாடி வரும்வரை என்னைத் திட்டிக்கொண்டே வந்தாள்.