தனக்காகக் கேட்பது கடைசியில்

எனக்கு அந்தக் காலத்தில் நல்ல தொண்டை. இதை நானே சொல்லக் கூடாதுதான், ஆனால் சொல்லாமல் இந்தக் கதையைச் சொல்ல முடியாது. நாகர்கோவிலுக்கு மேற்கே எங்கள் ஊரில் புதன்கிழமை சாயங்காலம்தோறும் யாராவது ஒருவர் வீட்டில் ஜெபக்கூட்டம் நடக்கும். பாட்டை எடுத்துக் கொடுப்பது நான். பள்ளிக்கூடத்தில் டீச்சர் வேலை, சபையில் பாட்டு. தலைக்கனத்துக்குக் கேட்கவா வேண்டும்!

கூட்டத்தைத் தொடங்க மட்டுமில்லை, ஜெபத்தை நிறுத்தவும் என் தொண்டைதான். ஒவ்வொருவராக வாய்விட்டு ஜெபம் பண்ணுவார்கள். ஒருவர் நீட்டிக்கொண்டே போனால், கர்த்தரிடம் பேசுகிறவரிடம் 'போதும்' என்று சொல்ல முடியுமா? கூட்டத்தை நடத்தும் உபதேசியார் கண்ணைத் திறக்காமலே கனைப்பார். உடனே நான் ஒரு கீர்த்தனையை எடுத்துவிடுவேன். எல்லோரும் சேர்ந்து பாட, ஜெபம் பண்ணுகிறவர் ஆமென் சொல்லி அடங்கிவிடுவார். யார் மனசும் நோகாது என்று நினைத்துக்கொண்டிருந்தோம்.

அப்படி நான் அதிகமாக நிறுத்தியது ஒரு அக்காவைத்தான். தெருக்கோடியில் தனியாக இருந்தாள். புருஷன் சிலோன் தோட்டத்துக்குப் போனவன். கடிதாசி நின்று பல வருஷம். பிள்ளை இல்லை. லேஸ் பின்னிப் பிழைத்தாள். அவளுக்கு மார்பில் ஒரு கட்டி வந்திருந்தது. மிஷன் ஆஸ்பத்திரிக்குத் துணையாக ஒரு பெண் வரவேண்டும். அவ்வளவுதான் அவளுக்கு வேண்டியிருந்தது. இது எனக்குத் தெரிந்தபோது எட்டு மாதம் போயிருந்தது.

முகத்துக்கு நேரே கேட்டிருக்கலாமே என்பீர்கள். அந்த இடத்தைப் பற்றிப் பெண்களே பெண்களிடம் பேசாத காலம். அதுவும் ஒண்டியாக இருக்கிறவள் ஒரு வீட்டு வாசலில் போய் நின்றால், "இவளுக்கு இப்ப என்ன வேணுமாம்?" என்று அடுக்களையிலிருந்து குரல் வரும். நானே கேட்டிருக்கிறேன். அதனால் அவள் கர்த்தரிடம் கேட்டாள், எங்கள் காதில் விழும்படி. எங்களில் பலர் அப்படித்தான். மகளுக்கு ஒரு நல்ல இடம் அமையவேண்டும் என்று ஒருத்தி உருகி ஜெபம் பண்ணினால், அடுத்த வாரமே யாராவது ஒரு பையனைப் பற்றிப் பேச்சுக் கொண்டுவருவார்கள்.

ஆனால் இந்த அக்காவுக்கு ஒரு ஒழுங்கு இருந்தது. பிறருக்காக முதலில், தனக்காகக் கடைசியில் என்று ஓய்வுநாள் பாடசாலையில் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். நாங்கள் எல்லோரும் படித்ததுதான். கடைப்பிடித்தவள் அவள் ஒருத்தி. பேச்சிப்பாறைத் தண்ணீர் எங்கள் வயல் வரைக்கும் வந்ததற்கு ஸ்தோத்திரம் சொல்வாள். பிறகு போதகர், உபதேசியார், உபதேசியார் மனைவியின் மூட்டுவலி, பரீட்சை எழுதும் பிள்ளைகள். அப்புறம் கடியப்பட்டணத்தில் கடலுக்குப் போன கத்தோலிக்க மீனவர்கள். "அவங்களுக்கு ஜெபம் பண்ண அவங்க சாமியார் இருக்காரு" என்று எனக்குப் பக்கத்தில் ஒருத்தி முணுமுணுப்பாள். அடுக்களையில் மரச்சீனிக்கிழங்கு ஆறும், கருப்பட்டிக் காப்பி ஆறும். "இந்த அடிமையையும் ஆண்டவரே..." என்று அவள் ஒருவழியாகத் தன்னிடம் வந்து சேரும்போது உபதேசியார் கனைப்பார். நான் எடுத்துவிடுவேன்.

ஒருநாள் "என் உடம்பிலே" என்பது வரைக்கும் வந்துவிட்டாள். எனக்குக் கேட்டது. நன்றாகவே கேட்டது. வழக்கத்தைவிட ஒரு கட்டை ஏற்றிப் பாடினேன், பாழாய்ப்போன தொண்டை.

கூட்டம் முடிந்ததும் ஆண்கள் முற்றத்தில் நின்று, அப்போது திருவிதாங்கூரில் இருந்த எங்கள் பகுதி தமிழ்நாட்டோடு சேரவேண்டும் என்று ஆவேசமாகப் பேசுவார்கள். "நாம இங்க கெடந்து தொண்டை கிழியக் கத்துகோம், திருவனந்தபுரத்துக்காரனுக்குக் காது கேக்குதா?" என்பார் உபதேசியார். அந்த அக்கா முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு அவர்களை ஒதுங்கித் தாண்டிப் போவாள். "பைய போங்க" என்றுகூட ஒருத்தரும் சொன்னதில்லை.

பிறகு அவள் ஜெபம் பண்ணுவதை விட்டாள். முறை வந்தால் ஆமென் மட்டும். எங்களுக்கு நிம்மதி, காப்பி சூடாகக் கிடைத்தது. அப்புறம் கூட்டத்துக்கே வரவில்லை. மூன்று புதன்கிழமை கழிந்து அவள் வீட்டுக்குப் போனேன். விசாரிக்கப் போனேன் என்று பொய் சொல்லமாட்டேன். பள்ளிக்கூடத்து விழாவுக்கு மேஜைவிரிப்பு தைக்க லேஸ் வேண்டியிருந்தது.

"லேஸ் இல்ல மக்கா. கை தூக்க முடியல்ல" என்றாள்.

ரவிக்கை ஒரு பக்கம் நனைந்து ஒட்டியிருந்தது. வாடையும் இருந்தது. என்னக்கா என்று கேட்டேன். கதவைச் சாத்திவிட்டுக் காட்டினாள். "ஐயோ அக்கா, எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லப்படாதா?" என்று கத்தினேன். கோபம் வந்தது அவள் மேல்தான், கேட்டுக்கொள்ளுங்கள்.

"சொல்லணும்னுதான் இருந்தேன்" என்றாள்.

மறுநாளே லீவு போட்டு பஸ்ஸில் கூட்டிக்கொண்டு போனேன். "ஒனக்கு எவ்வளவு வேல கெடக்கும், எனக்காக வந்தியே" என்று வழி நெடுகச் சொல்லிக்கொண்டே வந்தாள். போதும் நிறுத்து என்று சொல்ல வாய் வரைக்கும் வந்தது. அன்றைக்கு மட்டும் சொல்லவில்லை.

டாக்டரம்மா பார்த்தார். கையைக் கழுவிவிட்டு வந்து, "ரொம்பப் பிந்திப்போச்சு" என்றார். பிறகு அவருக்கே தாங்காமல் சத்தம் போட்டார். "எட்டு மாசம்! ஒருத்தர்கிட்டயும் சொல்லலியா?"

"ஆண்டவர்ட்ட சொன்னேம்மா."

"ஆண்டவர்ட்ட சொன்னா ஆச்சா? பக்கத்துல மனுசங்க இல்லியா? வாயத் தெறந்து சொன்னாத்தானே அவங்களுக்குத் தெரியும்!"

"எந் தப்புதாம்மா. எனக்குத்தான் சொல்லத் தெரியல்ல" என்றாள் அக்கா. என் பக்கம் திரும்பவே இல்லை.

டாக்டரம்மா என்னைப் பார்த்தார். "நல்லவேளை, நீங்களாவது கேட்டு, கூட்டிட்டு வந்தீங்க" என்றார்.

நான் தலையாட்டினேன்.