அத்தையின் மான்கொம்புக் கத்திகள்

மற்ற பெண்கள் வளையல் சேர்த்த வயதில் என் அத்தை மடக்குக் கத்தி சேர்த்தாள். எல்லாம் மான்கொம்புப் பிடி போட்டவை. அப்பாவின் தங்கையான அவள் சேலையூரில் எங்களோடுதான் இருந்தாள், பள்ளிக்கூட டீச்சர். அறுபதுகளின் கடைசி அது. சம்பளம் வந்த சனிக்கிழமை தாம்பரத்தில் ரயில் ஏறி மூர் மார்க்கெட்டுக்குப் போவாள். பழைய சாமான் கடைகளைக் கிளறி, எந்த வெள்ளைக்காரனோ விட்டுப்போன கத்தி ஒன்றைக் கொண்டுவருவாள். பழுப்பும் கறுப்புமாக வரி ஓடிய பிடியில் என் விரலை வைத்துத் தேய்த்து, "பாரு, ஒண்ணு மாதிரி இன்னொண்ணு இருக்காது" என்பாள். எனக்கும் அந்தச் சொரசொரப்பு பிடித்திருந்தது.

ஞாயிற்றுக்கிழமை வேதக்கோயிலில் பாதிரி ஐயர் மூடநம்பிக்கையைத் திட்டிப் பிரசங்கம் செய்யும்போது எங்கள் குடும்பமே தலையாட்டும். ஆனால் வீட்டில் கத்தியைக் கைக்குக் கை கொடுக்க மாட்டோம். கொடுத்தால் இருவருக்கும் சண்டை வருமாம். ஒருவர் கீழே வைக்க, மற்றவர் எடுத்துக்கொள்ள வேண்டும். இதை எனக்குச் சொல்லிக்கொடுத்ததே அத்தைதான். நான் கையை நீட்டினால் மேஜையில் வைத்துவிட்டு, "எடுத்துக்கோ" என்பாள்.

ஒருநாள் அத்தையைப் பெண் பார்க்க வந்தார்கள். மாப்பிள்ளைக்கும் சேர்த்து அவர் அம்மாவே பேசினார். பெண்ணுக்குப் பொழுதுபோக்கு என்ன என்று கேட்டார். உடனே நான் ஓடிப்போய்க் கத்திகள் இருந்த பிஸ்கட் டப்பாவைக் கொண்டுவந்து திறந்து வைத்தேன்.

"கத்தியா? கல்யாணத்துக்கப்புறம் இதெல்லாம் வேணாம்மா. யாருக்காச்சும் குடுத்துடு."

"அதுக்கென்ன, குடுத்துட்டா போச்சு" என்றார் அப்பா, அவசர அவசரமாக.

அத்தை டப்பாவைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். பிறகு தனக்கு மிகவும் பிரியமான கத்தியை எடுத்து விரித்தாள். தட்டில் கொய்யாப்பழம் இருந்தது. "பழம் நறுக்கிக்குங்க ஆன்ட்டி" என்று சிரித்துக்கொண்டே அதை அந்த அம்மாவின் உள்ளங்கையில் வைத்தாள். அவரும் பேச்சுவாக்கில் வாங்கிவிட்டார். வாங்கிய பிறகுதான் பார்த்தார்; அவர்கள் வீட்டிலும் இதே நம்பிக்கைதான் போலிருக்கிறது.

மாமியாராக வரவேண்டியவரும் மருமகளாகப் போகவேண்டியவளும் இப்படிக் கைக்குக் கை கத்தி மாற்றிக்கொண்டால் பிறகு என்ன பேச்சு இருக்கிறது? காபி ஆறிப்போனது. "சொல்லி அனுப்புறோம்" என்று கிளம்பியவர்கள் சொல்லி அனுப்பவே இல்லை.

"உனக்கு அறிவிருக்கா?" என்று அப்பா சீறினார்.

"மறந்துட்டேண்ணா" என்றாள் அத்தை, தலையைக் குனிந்தபடி.

எனக்கு ரொம்பப் பாவமாக இருந்தது. சாயங்காலம் அவள் கத்திகளுக்குத் தையல் மெஷின் எண்ணெய் போட்டுத் துடைத்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

"கீழ வெச்சுத்தான் குடுக்கணும் அத்தை. நீங்கதானே சொல்லிக்குடுத்தீங்க? அடுத்த வாட்டி மறக்காதீங்க."

அத்தை கையிலிருந்த கத்தியை மடக்கி, என் முன்னால் மேஜையில் ஒழுங்காக வைத்தாள். "சரிங்க டீச்சர்" என்றவள் சிரிக்க ஆரம்பித்தாள். சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது. நல்ல மாப்பிள்ளை கைவிட்டுப் போன துக்கம் என்று நினைத்து, நான் அவள் முதுகைத் தடவிக் கொடுத்துக்கொண்டே இருந்தேன்.