ரத்தத்தில் இருக்கிறதாம்

ஆயத்த ஆடைத் தொழிற்சாலை ஒன்றில் அவள் கட்டிங் மாஸ்டர். நாற்பது அடுக்குத் துணியைக் கோடு பிசகாமல் இடது கையால் வெட்டுவாள். அதனால் அங்கே அவளுக்குப் பெயர் பீச்சாங்கை. கீழே வேலை பார்ப்பவர்கள் முதுகுக்குப் பின்னால் சொல்வார்கள். முதலாளி நேரிலேயே சொல்வார்.

அவளுக்குப் பதினோரு நிமிடம் மூத்த அக்கா ஒருத்தி உண்டு. ஒரே கரு பிளந்து பிறந்த இரட்டையர். மூக்கு, நெற்றி, தும்மல் வரைக்கும் ஒன்று. பள்ளியில் ஒருத்திக்கு விழ வேண்டிய அடி இன்னொருத்திக்கு விழுந்ததுண்டு. ஆனால் அக்கா வலது கைக்காரி, மூன்று பிள்ளைகளின் தாய். இவளோ பிள்ளையே வேண்டாம் என்று கல்யாணத்துக்கு முன்பே சொல்லிவிட்டவள். கட்டிக்கொள்ள வந்தவர் ஃப்ரிட்ஜ் மெக்கானிக். கொஞ்சம் யோசித்து, "எனக்கும் ஒண்ணும் அவசரமில்ல" என்றார். ஒன்பது வருடமாகியும் அவருக்கு அவசரம் வரவில்லை.

அவசரமெல்லாம் மாமியாருக்கு. அவருக்கு ஆலோசகர், அந்த வீட்டின் மூத்த மாப்பிள்ளை. ஒரு பரிசோதனைக் கூடத்துக்காக வீடு வீடாகப் போய் ரத்தம் எடுப்பவர். எடுக்கிறவருக்கு ரத்தத்தைப் பற்றி எல்லாம் தெரியும் என்று அந்த வீட்டில் ஒரு நம்பிக்கை. அது முதலில் உண்டானது அவருக்குத்தான்.

"எல்லாம் ஜீன், அத்தை. இடது கை, பிடிவாதம், புள்ள வேணாங்கிறது, எல்லாம் ஒரே கொத்தா வரும். எச்சில் எடுத்து அனுப்பினா தெரிஞ்சிடும்" என்றார் மாமியாரிடம்.

எச்சில் குப்பி தபாலில் வந்தது. மறுபேச்சுப் பேசாமல் அதை வாங்கிக் கைப்பையில் போட்டுக்கொண்டு அவள் நேராக அக்கா வீட்டுக்குப் போனாள்.

"துப்பு."

"எதுக்குடி?"

"முதல்ல துப்பு, அப்புறம் சொல்றேன்."

அக்கா துப்பினாள். தாங்களும் துப்புவோம் என்று பிள்ளைகள் அடம்பிடித்தன.

ஐந்து வாரத்தில் பதினெட்டுப் பக்க அறிக்கை வந்தது. ஞாயிற்றுக்கிழமை குடும்பமே கூடியது. அக்காவையும் பிள்ளைகளோடு அவள் வரச் சொல்லியிருந்தாள். எந்தக் கை என்பதில் பல மரபணுக்களுக்குச் சிறு பங்கு இருக்கலாம், உறுதியாகச் சொல்ல இயலாது என்று அறிக்கையில் இருந்தது. பிள்ளை ஆசையைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. மாப்பிள்ளை 'இயலாது' என்பதைத் தாவிக் குதித்து மேலே படித்தார்.

"இடது கை, இதோ போட்டிருக்கான். தாய்மை ஆசை கம்மி, அது மறைமுகமா இருக்கு. படிக்கத் தெரிஞ்சவனுக்குத்தான் புரியும். பாவம், இவ மேல தப்பில்ல. ரத்தம் அப்படி."

மாமியார் கண்கலங்கி மருமகளின் தலையைத் தடவினார். ஒன்பது வருடத்தில் முதல் தடவை. அதற்காகவே பேசாமல் இருந்துவிடலாமா என்றுகூட அவளுக்குத் தோன்றியது.

"அண்ணே, அது என் எச்சில் இல்ல. அக்காவோடது."

எல்லாரும் அக்காவைப் பார்த்தார்கள். மடியில் ஒன்று, முதுகில் ஒன்று. மூன்றாவது மேசைக்கடியில் யாருடைய செருப்பையோ கடித்துக்கொண்டிருந்தது.

மாப்பிள்ளை அசரவில்லை. "அதான் குழப்பம். உன்னோடத அனுப்பு."

"நாங்க ஒரே கரு. யாரு துப்பினாலும் இதே பேப்பர்தான் வரும்."

"அப்ப லேப் சரியில்ல."

அக்கா மடியில் இருந்ததையும் முதுகில் இருந்ததையும் வாசலுக்கு விரட்டிவிட்டாள். செருப்பும் பின்னாலேயே போனது. பிறகு சொன்னாள்: "அவர் சொன்னது தப்பில்ல. எனக்கு ஒண்ணே போதும்னுதான் இருந்துச்சு. மத்த ரெண்டும் வேணுமான்னு என்னை யாரு கேட்டா?"

மாப்பிள்ளையின் முகம் மலர்ந்தது. "நான்தான் சொன்னேனே, ரத்தம்."

"ரத்தத்துல ஆசை இல்லாமலே மூணு வந்திருக்குண்ணே. அப்ப இந்தப் பேப்பர் எதுக்கு?" என்றாள் தங்கை.

அவர் பதினெட்டாம் பக்கத்தைப் புரட்டினார். அதில் பரிசோதனைக் கூடத்தின் தொலைபேசி எண் மட்டும் இருந்தது.

அடுத்த வாரம் மாமியாரும் மருமகளும் காய்ந்த துணிகளை மடித்துக்கொண்டிருந்தார்கள்.

"வேணாம்னு நீ சொன்னப்ப அவன் கோவிச்சுக்கலையா?"

"இல்ல அத்தை."

"ஏன்னு கேட்டானா?"

"கேட்டாரு. விருப்பமில்லன்னேன். அவ்வளவுதான்."

மாமியார் நான்கு பெற்றவர். ஒரு தலையணை உறையை மடித்து, பிரித்து, மறுபடி மடித்தார்.

"அப்படிச் சொல்லலாம்னே எனக்குத் தெரியாமப் போச்சு."

பிறகு, பழக்கதோஷத்தில், "இருந்தாலும் நீ ஒண்ணு பெத்திருக்கலாம்" என்று சேர்த்துக்கொண்டார்.