தாயில்பட்டியில் கழுத்துப் பயிற்சி

ஐந்தரை ஆண்டு இயற்கை மருத்துவம் படித்துவிட்டு, விருதுநகர் பக்கம் ஓர் அரசு மருத்துவமனையில் வேலைக்குச் சேர்ந்த புதிது. என் அறைக்கு வருகிறவர்கள் முதலில் மேசையைத்தான் பார்ப்பார்கள். ஊசி இல்லை, மாத்திரை இல்லை. பாதிப் பேர் அப்படியே திரும்பிவிடுவார்கள்.

தாயில்பட்டியிலிருந்து வந்த அந்த அக்கா திரும்பவில்லை. பட்டாசு ஆபீஸில் (பட்டாசு ஆலையை அந்தப் பக்கம் அப்படித்தான் சொல்வார்கள்) பதினைந்து வருடமாகக் குனிந்த தலை நிமிராமல் காகிதக் குழாய் உருட்டியவர். கழுத்து வலி. எலும்பு மருத்துவர் படமெடுத்துப் பார்த்து, பயப்பட ஒன்றுமில்லை என்று என்னிடம் அனுப்பியிருந்தார். சலித்து ஊறவைத்த மண்ணைத் துணியில் மடித்து அவர் பிடரியில் வைத்தேன். சில்லென்றதும் துள்ளி எழுந்துவிட்டார்.

"என்ன டாக்டரம்மா, சேத்தை அள்ளி வைக்கீக? எங்க ஊர்ல இல்லாத மண்ணா? இதுக்கா பஸ் ஏறி வந்தேன்?"

"அரை மணி நேரம் படுங்கக்கா. பிடிக்கலைன்னா நாளைக்கு வராதீங்க."

ஐந்தே நிமிடத்தில் குறட்டை. சிரிப்பை அடக்க முடியாமல் செவிலியர் வெளியே ஓடினார்.

எழுந்ததும், "வேலைக்குப் போனதுலேர்ந்து பகல்ல கண்ணசந்தது இன்னைக்குத்தான்" என்றார் அக்கா. கழுத்துக்கு நான்கு பயிற்சிகள் சொல்லிக்கொடுத்தேன்.

மூன்று வாரம் விடாமல் செய்தார். வலி நன்றாகக் குறைந்தது. அதைச் சொல்லி, கூட வேலை பார்க்கும் ஏழு பெண்களைக் கூட்டிக்கொண்டு வந்து நின்றார். ஒருவருக்கு ரத்த அழுத்தம் ஏகத்துக்கு இருந்தது. அவரை மட்டும் உடனே பொது மருத்துவரிடம் அனுப்பினேன்.

"ஆபீஸ்ல அம்புட்டுப் பேருக்கும் கழுத்துதான். நீங்க அங்கன வந்து சொல்லிக் குடுத்தா என்ன?" என்றார் அக்கா.

அனுமதி வாங்கி ஒரு மதிய இடைவேளையில் போனேன். வேப்பமரத்தடியில் நாற்பது பெண்கள் வரிசையாக நின்றார்கள். நான் வாயைத் திறக்குமுன் அக்கா முன்னால் போய் நின்றுகொண்டார்.

"மூச்சை இழுங்க. மெதுவா! ஏ புள்ள, கழுத்தைத் திருப்பச் சொன்னா கண்ணைத் திருப்புத?"

ஓரமாகக் கைகட்டி நின்ற, அவர்களை வேலை வாங்கும் போர்மேனும் யாருக்கும் தெரியாமல் கழுத்தைச் சாய்த்துப் பார்த்தார். அக்கா கண்ணுக்கு அது தப்பவில்லை.

"போர்மேன், எடதுன்னா எடது பக்கம்!"

மரத்தடி முழுக்கச் சிரிப்பு. அவரும் சிரித்துக்கொண்டே வரிசையில் வந்து சேர்ந்தார். எனக்கு அங்கே வேலையே இல்லை. கடைசி வரிசைக்குப் போய், அக்கா சொன்னபடி மூச்சை இழுத்தேன்.